கூட்டல் அவர்களுக்கு, கழித்தல் நமக்கா?

கணக்கு என்றதும் நமது தொழிலாளத் தோழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சம்பளக் கணக்கு. அடுத்தது வட்டிக் கணக்கு. அதற்கும் அடுத்தது மளிகைக் கடைப் பாக்கிக் கணக்கு. மாதத்தின் முப்பது நாளும் கணக்கோடு மல்லுக்கட்டி நிற்பவன் இராயபுரத்துத் தொழிலாளி. ஆயினும், கல்லூரிக் கணக்கு என்று பேச்செடுத்தால் மட்டும், "அதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறான்.

நகர வேண்டாம், தோழா! நின்று கேள். இது உன் மகன் சமாசாரம். உன் மகள் சமாசாரம். உன் தெருவின் நாளைய சமாசாரம்.

இரண்டு தலைமுறைக்கு முன் நம் பகுதியின் நிலை என்ன? காசிமேட்டு மீனவன் மகன் வலை பின்னக் கற்றான். தண்டையார்பேட்டைக் கூலியின் மகன் மூட்டை சுமக்கக் கற்றான். எண்ணூர்த் தொழிலாளியின் மகன், வாய்ப்பிருந்தால், அப்ரண்டிசாக ஆலைக்குள் நுழைந்தான். கல்லூரி என்பது கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது கண்ணில் பட்டு மறையும் சிவப்புக் கட்டடம்!

இன்று அப்படி இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950 முதல் நிற்கிறது தியாகராயர் கல்லூரி. பெண்களுக்கென்று 1964 முதல் நடக்கிறது பாரதி மகளிர் கல்லூரி. வியாசர்பாடியில் அண்ணல் அம்பேத்கர் பெயரால் அரசுக் கல்லூரி இருக்கிறது. இந்த வாயில்களில் நுழையும் பிள்ளைகளில் பலர், தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதிப்பவர்கள். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் ரூ.1,000 தரும் திட்டம் 2022-ல் வந்தது. மாணவர்க்கு 2024-ல் வந்தது. நல்லது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் உதவும் பணம் அது.

ஆனால், வாயில்வரை அழைத்து வந்தால் போதுமா? விருந்துக்கு அழைத்தவன், இலை போடாமல் போனால் அதற்கு விருந்தென்றா பெயர்?

பி.எஸ்சி. கணித வகுப்பின் முதல் ஆண்டை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் கணக்குப் போட்ட பிள்ளை. விடையைக் கேட்டார்கள், எழுதினான். மதிப்பெண் கொடுத்தார்கள், வாங்கினான். கல்லூரிக்கு வந்தான். இங்கே விடையைக் கேட்கவில்லை, "ஏன்?" என்று கேட்கிறார்கள். "எப்படித் தெரியும்? நிரூபி!" என்கிறார்கள். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கச் சொல்லித் தெருத்தெருவாய்ப் பகுத்தறிவு பேசியவர்களுக்கு அந்தக் கேள்வி பிடித்தமான கேள்விதான். ஆனால், அந்தக் கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது. அதிவேகத்தில் வருகிறது. கரும்பலகை நிறைகிறது, அழிகிறது, மறுபடியும் நிறைகிறது. மணி அடிக்கிறது. "சந்தேகம் உண்டா?" என்று பேராசிரியர் கேட்கிறார். ஒரு கையும் எழவில்லை.

ஏன் எழவில்லை? சந்தேகம் இல்லாததாலா? சந்தேகம் எது என்று சொல்லத் தெரியாததால்! எந்த வரியில் வழி தவறினோம் என்று தெரிந்தவனல்லவா கேள்வி கேட்பான்?

பருவத் தேர்வு வருகிறது. ஒரு தாள் போகிறது. அடுத்த பருவத்தில் அதோடு இன்னொன்று சேர்கிறது. 'அரியர்' என்ற சொல் வீட்டுக்குள் நுழைகிறது. மூன்றாம் ஆண்டில் அந்தப் பிள்ளையைத் தேடினால், கண்டெய்னர் யார்டில் காண்டிராக்ட் கூலியாக நிற்பான், அல்லது இரு சக்கர வண்டியில் யாருக்கோ சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போவான். அந்த வேலைகளை நாம் இழிவென்று சொல்லவில்லை. உழைப்பு எதுவும் இழிவன்று. படிக்க வந்தவனைப் படிக்கவிடாமல் அங்கே தள்ளியதைத்தான் இழிவென்கிறோம்.

இந்த இடத்தில்தான் ஓர் ஆள் தேவை. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அவரை 'டீச்சிங் அசிஸ்டெண்ட்' என்பார்கள். நம் பழைய கல்லூரிகளில் 'டியூட்டர்' என்ற பதவி இருந்தது. நாளடைவில் அது மங்கி மறைந்தது. பெரும்பாலும் எம்.எஸ்சி. முடித்தவர், அல்லது ஆராய்ச்சி செய்கிறவர். பேராசிரியர் அறுபது பேருக்குப் பாடம் நடத்திவிட்டுப் போன பிறகு, பதினைந்து இருபது பேராகப் பிரித்து உட்காரவைத்து, கணக்கைக் கையில் கொடுத்துப் போடவைத்து, தோளருகே நின்று பார்ப்பவர். வீட்டுக் கணக்குகளைத் திருத்துபவர். குறித்த நேரத்தில் அறையைத் திறந்து வைத்து, "வா, கேள்" என்பவர்.

திருத்துவது என்றால் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவதென்று எண்ணிவிடக் கூடாது. கல்லூரி வந்த பிறகும் பல பிள்ளைகள் செய்யும் பிழை ஒன்று உண்டு. இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் எடுப்பதும், தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டுவதும் ஒன்றென்று எழுதிவிடுவார்கள். தாளில் தப்புக் குறி போட்டுத் தள்ளிவிட ஒரு நொடி போதும். நல்ல டியூட்டர் என்ன செய்வார்? "மூன்றையும் நான்கையும் எடுத்துக்கொள், தம்பி. கூட்டினால் 7, வர்க்கம் 49. தனித்தனியே எடுத்தால் 9-ம் 16-ம், கூட்டினால் 25. பாக்கி 24 எங்கே போயிற்று? சம்பளச் சீட்டில் 24 ரூபாய் குறைந்தால் உன் அப்பா விடுவாரா? தேடு!" என்பார். மூன்றையும் நான்கையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் அந்த 24 அகப்படும். தேடிக் கண்டவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான். பிழை எங்கே பிறந்தது என்று பார்ப்பது, பிழையைத் தண்டிப்பதைக் காட்டிலும் பெரிய வேலை. பொறுமை வேண்டும் வேலை. கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை.

இன்னொன்று சொல்கிறோம், எண்ணூரில் லேத் ஓட்டும் டர்னர் தோழர்கள் கூர்ந்து கேளுங்கள். கல்லூரிக் கணிதத்தில் முதல் ஆண்டுப் பிள்ளைகளை நடுங்கவைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. எப்சிலான், டெல்டா என்று இரண்டு கிரேக்க எழுத்துகள். "எவ்வளவு சிறிய எப்சிலான் கொடுத்தாலும், அதற்கேற்ற ஒரு டெல்டா உண்டு" என்று தொடங்கும் அந்த வாசகத்தைக் கண்டு கலங்காத மாணவன் குறைவு. ஆனால், தோழா, அது உன் தொழில்!

25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு ஷாப்ட் கடைய வேண்டும். 0.02 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது என்கிறார் இன்ஸ்பெக்டர். நீ என்ன செய்கிறாய்? டூலை உள்ளே எவ்வளவு தள்ளுகிறாயோ, விட்டம் அதைப்போல் இரு மடங்கு குறையும் என்பது உன் கை அறிந்த உண்மை. ஆகவே, டூலை வைப்பதில் 0.01-க்கு மேல் பிசகக் கூடாது என்று முடிவு கட்டுகிறாய். "போதாது, 0.002-க்குள் வேண்டும்" என்கிறாரா? 0.001-க்குள் வைப்பேன் என்கிறாய். அவர் எவ்வளவு இறுக்கினாலும், அதில் பாதியை நீ பிடித்தால் போதும். அவர் சொல்லும் அளவு எப்சிலான். நீ பிடிக்கும் அளவு டெல்டா. அவ்வளவுதான்! முப்பது ஆண்டுகளாக நீ இயந்திரத்தின் முன் நின்று செய்துவருவதைத்தான், உன் மகன் புத்தகத்தின் முன் உட்கார்ந்து புரியாமல் விழிக்கிறான். தந்தை கையில் இருப்பது மகன் தலைக்கு எட்டவில்லை. நடுவே பாலம் போட ஓர் ஆள் இல்லை. அந்தப் பாலம் போடுபவர்தான் டியூட்டர். நம் பகுதியில் பிறந்து, நம் பேச்சில் பேசி, லேத்தையும் அறிந்து எப்சிலானையும் அறிந்த ஒருவர் அந்த இடத்தில் நின்றால், எத்தனை பிள்ளைகள் கரையேறுவார்கள்!

"மேதைக்கு ஆசிரியர் எதற்கு? அவன் தானாகவே வளருவான்" என்று சிலர் வாதாடக்கூடும். சாட்சிக்கு இராமானுஜனைக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். அந்தச் சாட்சி நம் பக்கம் பேசுகிறதா, அவர்கள் பக்கம் பேசுகிறதா என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால், அவர் வேலை பார்த்தது நமது துறைமுகத்தில்!

கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் இராமானுஜன். அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்த பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து, எஃப்.ஏ. தேர்விலும் தவறியவர். கணக்கில் மலை, மற்றப் பாடங்களில் மடு. பட்டம் இல்லை, பதவி இல்லை, வயிற்றுக்கு வழி இல்லை. மாணவர்களுக்கு டியூஷன் சொல்லிப் பிழைக்கப் பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1912 மார்ச்சு 1-ம் நாள் சென்னைத் துறைமுகத்தின் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் ரூ.30.

அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர், கணிதம் கற்றவர், முன்பு திருச்சியில் கணித விரிவுரையாளராக இருந்தவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்காருவார்கள். இராமானுஜன் ஒரு வரியிலிருந்து பத்தாவது வரிக்குத் தாவுவார். நாராயண ஐயர் விடமாட்டார். நடுவில் விட்டுப்போன படிகளை எழுதச் சொல்லி வற்புறுத்துவார். உலகம் புரிந்துகொள்ளும்படி எழுதவைப்பார். இது யாருடைய வேலை? டியூட்டருடைய வேலை! அந்தப் பெயர் அவருக்கு இல்லாமல் இருக்கலாம். செய்தது அந்தப் பணி. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அக்கறை காட்டினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அதற்கு முன்பே பணம் கொடுத்துத் தாங்கினார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் ரூ.75 உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

ஆக, மேதைக்கே நான்கு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது! கலெக்டரும் கணக்கரும் துரையும் கடிதம் எழுதவேண்டி இருந்தது! நாம் கேட்கிறோம்: கொருக்குப்பேட்டைக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கலெக்டர் சொந்தக்காரர்? திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண்ணுக்கு எந்தத் துரை சிபாரிசு? அவர்களுக்கு இருக்க வேண்டியவர் ஒரே ஒருவர், சம்பளம் வாங்கிக்கொண்டு, நாள் தவறாமல் வந்து, நடுப்படிகளை எழுதவைக்கும் டியூட்டர். அவரையும் இல்லாமல் ஆக்கினால், மேதையும் கருகுவான், சாமானியனும் கருகுவான்.

இராமானுஜன் பெயரால் நம் இராயபுரத்தில் ஓர் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் 1993-ல் அமைந்தன. அமைத்தவர் பெரும் செல்வர் அல்லர். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே.சீனிவாசன். குழந்தைகள் கையால் தொட்டுக் கணக்குக் கற்கவேண்டும் என்பதற்காக வாழ்நாளைச் செலவிட்டவர். தனி மனிதர் ஒருவர் தம் ஊக்கத்தால் செய்யக்கூடியது அது. அரசாங்கமும் பல்கலைக்கழகமும் செய்யவேண்டியது எங்கே என்பதுதான் கேள்வி.

வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று ஒரு காலத்தில் மேடைதோறும் முழங்கினோம். சென்னை நகருக்குள் வந்து பார்த்தால் அந்த முழக்கம் தலைகீழாய் நிற்கிறது! தெற்கே அடையாறு ஆற்றைத் தாண்டினால் இந்தியத் தொழில்நுட்பக் கழகம். அங்கே ஆராய்ச்சி மாணவர்கள் உதவித்தொகை பெற்றுக்கொண்டு, இளநிலை மாணவர்க்குக் கணக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். கடும் போட்டித் தேர்வில் வென்று வந்த பிள்ளைகளுக்கு அங்கே துணை இருக்கிறது. துணை அதிகம் தேவைப்படும் வண்ணாரப்பேட்டைப் பிள்ளைக்கு? இல்லை! நடக்கத் தெரிந்தவனுக்கு ஊன்றுகோல், தவழ்கிறவனுக்குத் தரை!

டியூட்டர் இருக்கட்டும், முழு ஆசிரியரின் கதியே என்ன? அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, ஆயிரக்கணக்கான 'கௌரவ விரிவுரையாளர்கள்' பாடம் நடத்திவருகிறார்கள். பெயரில் கௌரவம் இருக்கிறது. பையில்? பல்கலைக்கழக மானியக் குழு 2019 சனவரியில் ஒரு விதி வகுத்தது: ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதத்தில் ரூ.50,000 வரை. நம் மாநிலத்திலோ அவர்களது மாத மதிப்பூதியம் ரூ.15,000 என்றிருந்து, ரூ.20,000 ஆகி, பின்னர் ரூ.25,000 ஆயிற்று. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 11 மாதத்துக்கு ரூ.2,75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ.23,000-கூட இல்லை. மானியக் குழு சொன்ன உச்ச அளவில் பாதிகூட இல்லை! விட்டுப்போன அந்தப் பன்னிரண்டாவது மாதம் எது தெரியுமா? மே மாதம்! உழைப்பாளர் திருநாளுக்குரிய மாதத்தில் உழைப்பாளிக்கு ஊதியம் இல்லை. இதைவிடக் கசப்பான வேடிக்கை உண்டா?

துறைமுகத் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. காலையில் வாயிலில் நிற்கவேண்டும், மேஸ்திரி விரல் காட்டியவனுக்குக் கூலி, மற்றவனுக்குத் திரும்பிப் போகும் வழி. அதுதானே அந்நாளைய வாழ்வு? 1948-ல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. 1950-களில் சென்னையிலும் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பேர் பதிவாயிற்று, கப்பல் வராத நாளுக்கும் ஓரளவு உறுதி கிடைத்தது. தானாக வந்ததா? சங்கம் கேட்டது, வந்தது. மூட்டை தூக்கியவன் அன்று ஒழித்த முறை, இன்று முனைவர் பட்டம் வாங்கியவன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது!

கடல் கடந்து ஒரு செய்தி. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் துணை ஆசிரியர்கள் 1966-ல் சங்கம் கண்டார்கள். 1970-ல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் பெற்றார்கள். 2022 நவம்பர் 14-ம் நாள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கணக்குத் திருத்தியவர்கள், பயிற்சி வகுப்பு நடத்தியவர்கள், சோதனைச் சாலையில் நின்றவர்கள், எல்லோரும் வெளியே வந்தார்கள். துணை ஆசிரியர்கள் ஆறு வாரங்கள்போல் நின்றார்கள். ஒன்பது மாதப் பணிக்குச் சுமார் 23,000 டாலராக இருந்த அவர்களது குறைந்தபட்ச ஊதியம், இரண்டே ஆண்டுகளில் சுமார் 34,000 டாலராக உயர ஒப்பந்தம் ஆயிற்று.

அவர்கள் எந்தச் சங்கத்துக் கொடியின் கீழ் நின்றார்கள் தெரியுமா? ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கம்! 1935-ல் டெட்ராய்ட்டில் கார் ஆலைத் தொழிலாளர்கள் கட்டிய சங்கம். போல்ட் முடுக்கியவனும் எப்சிலான் கற்பித்தவனும் ஒரே சங்கத்தில்! லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்து பழகிய எண்ணூரும் திருவொற்றியூரும் இதைக் கேட்டுச் சிந்திக்க வேண்டாமா? கல்லூரி ஆசிரியன் வேறு சாதி, ஆலைத் தொழிலாளி வேறு சாதி என்ற எண்ணம் இருவரையும் பிரித்து வைத்திருக்கிறது. பிரிந்து நிற்பதால் இலாபம் யாருக்கு என்று உங்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். நியாயமான கேள்வி, கேட்கட்டும். நாமும் திருப்பிக் கேட்கிறோம். ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் படிக்கவைக்கப் பொதுப்பணம் செலவாயிற்று. புத்தகம், சீருடை, சத்துணவு, மாத உதவி, எல்லாம் கொடுத்தாயிற்று. கடைசிப் படியில், கணக்குச் சொல்லித் தர ஆளின்றி அவன் விழுந்தால், அத்தனை செலவும் என்ன கணக்கு? கப்பலைக் கட்டிக் கரைவரை ஓட்டிவந்து, கயிறு வீச ஆள் கூலி மிச்சம் என்று பாறையில் மோதவிடுவதை நம் துறைமுகத்தில் சிக்கனம் என்று சொல்வதில்லை.

"பேராசிரியரே இதையும் செய்யலாமே?" என்பார்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறோம். ஆனால், அறுபது தாளை ஒருவர் வாராவாரம் பிழையின் வேர்வரை பார்த்துத் திருத்த முடியாது. முடியும் என்று சொல்பவர் திருத்திப் பார்த்ததில்லை.

ஆகவே நமது கோரிக்கை நான்கு. அரசுக் கல்லூரிகளின் கணிதத் துறை ஒவ்வொன்றிலும் டியூட்டர் பணியிடம் வேண்டும். அந்தந்தப் பகுதியில் எம்.எஸ்சி. படித்து வேலையின்றி இருப்பவர்களுக்கு அதில் வழி திறக்க வேண்டும். முதல் ஆண்டில், இருபது பேருக்கு மிகாத பயிற்சி வகுப்பு வாரம் இருமுறையாவது வேண்டும். விளக்கம் தமிழிலும் வேண்டும். கௌரவ விரிவுரையாளர்க்கு மானியக் குழு வகுத்த ஊதியம், பன்னிரண்டு மாதமும் வேண்டும். காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். எந்த ஆட்சி இருந்தாலும் கேட்கவேண்டியது இது. எந்த ஆட்சி வந்தாலும் விடக்கூடாதது இது.

கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்போமா? மாட்டோம். தெருவுக்குத் தெரு படிப்பகம் கண்ட இயக்கம் இது. பத்திரிகை கிடக்கும் அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்ட எவ்வளவு செலவாகும்? கிளைத் தோழர்களே, உங்கள் வட்டத்தில் கணக்குப் படித்த இளைஞர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். வாரத்தில் இரண்டு மாலை அழையுங்கள். சும்மா வரச் சொல்லாதீர்கள், சந்தா திரட்டிக் கூலி கொடுங்கள். உழைப்பை இலவசமாகக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். ஆனால் ஒன்று: படிப்பகத்துக் கரும்பலகையைக் காட்டி அரசாங்கம் தன் கடமையைத் தட்டிக்கழிக்க இடம் கொடுக்கவும் வேண்டாம்.

உன் மகன் இன்று இரவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தால், தோழா, "எனக்கென்ன தெரியும்" என்று திரும்பிப் படுக்காதே. அருகே உட்கார். "இந்த எப்சிலான் என்பது என்னடா?" என்று கேள். அவன் சொல்லட்டும். பிறகு, டூலை எத்தனை நூல் தள்ளினால் விட்டம் எத்தனை குறையும் என்று நீ சொல். மறுநாள் காலை, அந்தக் கல்லூரியில் டியூட்டர் ஏன் இல்லை என்று கேட்கும் மனுவில் முதல் கையெழுத்தை நீ போடு!